நம் சிறுவர்களும் கணினிக் கட்டளையும்

நெய்வோரும் பயிரிடுவோரும் அங்கத்தினராயுள்ள சங்கங்களின் பத்திரிகையில் கணினியைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று வாசகர்களில் சிலர் வினவக்கூடும். நூல் விலை, நெசவுக் கூலி, உரம், கடன் தவணை ஆகியவற்றைப் பற்றி மாதந்தோறும் கவலையுறும் குடும்பங்களின் வாயிலிருந்து இவ்வினா எழுவது நியாயமே. ஆயினும் நம் வீடுகளில் இன்று நிகழ்வதைச் சற்றே உற்று நோக்குவோமாக. தறிமேடையின் ஓரத்திலும் களத்து மேட்டிலும் அமர்ந்திருக்கும் பிள்ளையின் கையில் கைப்பேசி இருக்கிறது. அதில் அவன் விளையாடுகிறான், படம் பார்க்கிறான். அந்த விளையாட்டை எவரோ ஒருவர், எங்கோ ஓரிடத்தில் அமர்ந்து ஆக்கியிருக்கிறார். பிறர் ஆக்கியதைத் துய்ப்பதோடு நம் பிள்ளையின் பங்கு முடிந்துவிடுகிறது.

கட்டளை எழுதுவோர் ஒரு சாரார், அக்கட்டளையின் வழியே விரலை அசைப்போர் மற்றொரு சாரார் என்று உலகம் பிரிந்து வருகிறது. நம் மக்கள் எச்சாரில் நிற்கப் போகிறார்கள்? இக்கட்டுரையின் பொருள் இவ்வொரு கேள்வியே. இதற்கு விடை தேடுவதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. 'ஸ்கிராட்ச்' என்னும் கருவி, பள்ளிச் சிறுவர்கள் கணினிக்குக் கட்டளையிடக் கற்பதற்கென்றே ஆக்கப்பட்டது. எவரும் இலவசமாகப் பெறக்கூடியது. அதனை எங்ஙனம் தொடங்குவது என்பதை அங்கத்தினர்களுக்கு இயன்றவரை தெளிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தறியும் கணினியும் உறவினரே

கணினி நெசவாளருக்கு அந்நியமான யந்திரம் அன்று. பிரான்சு நாட்டு லியோன் நகரில் ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் அமைத்த தறிப்பொறி, துளையிட்ட அட்டைகளின் வரிசையைக் கொண்டு இயங்கியது. துளை உள்ள இடத்தில் ஒரு செயல், துளை இல்லாத இடத்தில் வேறொரு செயல். அதற்கேற்பப் பாவு இழைகள் உயர்ந்தும் தாழ்ந்தும் நின்று, ஊடை ஓடுகையில் பூவும் கொடியும் துணியில் தோன்றின. அட்டையை மாற்றினால் தறியை மாற்றாமலே புதிய வேலைப்பாடு கிடைத்தது. நம் பட்டுத் தறிகளின் மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியைக் கண்டிருப்போர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்த அட்டைகளைக் கண்ணுற்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ், 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கும் அத்தகைய அட்டைகளையே கையாளக் கருதினார். அப்பொறி முற்றுப்பெறவில்லை. ஆயினும் அதனைப் பற்றி 1843-இல் விரிவான குறிப்புகள் வெளியிட்ட ஏடா லவ்லேஸ் என்னும் பெண்மணி, அதன் வேலையை ஜக்கார்டு தறியின் நெசவோடு ஒப்பிட்டே விளக்கினார். 1890-இல் அமெரிக்காவில் மக்கட்தொகைக் கணக்கைத் தொகுக்கவும் துளையிட்ட அட்டைகள் பயன்பட்டன. ஆகவே, யந்திரத்துக்குரிய கட்டளையை முன்கூட்டியே வரிசைப்படுத்தி எழுதிவைக்கும் கலை தறியின் அருகிலேயே வளர்ந்தது எனலாம். அவ்வாறு எழுதப்பட்ட கட்டளை வரிசைக்கே இன்று 'நிரல்' என்று பெயர்.

கருவி பிறந்த வரலாறு

நிரல் எழுதுவதைச் சிறுவர்க்குக் கற்பிக்கும் முயற்சி 1967-இல் தொடங்கிற்று. சீமூர் பேப்பர்ட், வாலி ஃபர்சீக், சிந்தியா சாலமன் ஆகியோர் அமெரிக்காவில் 'லோகோ' என்னும் கணினி மொழியை உருவாக்கினர். ஓர் 'ஆமை'க்கு முன்னே செல், வலப்புறம் திரும்பு என்று கட்டளையிட்டுச் சிறுவர்கள் உருவங்கள் வரைந்தார்கள். குழந்தை யந்திரத்தால் ஆட்டுவிக்கப்படாமல், குழந்தையே யந்திரத்தை ஆட்டுவிக்க வேண்டும் என்பது பேப்பர்ட்டின் கொள்கை. அவர் 2016-இல் காலமானார்.

அவ்வழி வந்தவர் எம்.ஐ.டி. என்னும் அமெரிக்கக் கலாசாலையைச் சேர்ந்த மிட்செல் ரெஸ்னிக். அவரது குழுவினர் ஆக்கிய ஸ்கிராட்ச் 2007-இல் உலகுக்கு வெளியிடப்பட்டது. 2013-இல் இரண்டாம் பதிப்பும், 2019 ஜனவரியில் மூன்றாம் பதிப்பும் வந்தன. இசைத்தட்டை விரலால் முன்னும் பின்னும் தேய்த்துப் புதிய ஓசை எழுப்பும் கலைஞர்களின் பழக்கத்திலிருந்து இப்பெயர் எடுக்கப்பட்டது. இது பெரும்பாலும் 8 முதல் 16 வயதுடையோர்க்கு உரியது. அதனினும் இளைய, 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கு 'ஸ்கிராட்ச் ஜூனியர்' என்று வேறொன்று 2014 முதல் உண்டு. தமிழ்நாட்டில் 2019-இல் வெளிவந்த பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில், 'காட்சித் தொடர்பு' என்னும் பாடத்தில் ஸ்கிராட்ச் அறிமுகப்படுத்தப்பட்டுள்ளது. ஆதலின் இது நம் மாணவர்க்கு முற்றிலும் புறம்பானதும் அன்று.

இதன் தனிச்சிறப்பு யாதெனில், கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டுவதில்லை என்பதே. வழக்கமான கணினி மொழிகளில் ஒரு புள்ளி தவறினும் நிரல் ஓடாது. சிறுவன் சலித்து எழுந்துவிடுவான். ஸ்கிராட்சில் ஒவ்வொரு கட்டளையும் வண்ணக் கட்டை ஒன்றாகத் திரையில் இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் மரக்கட்டைகளைப் போல் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தவேண்டியதே. பொருந்தத் தகாத கட்டைகள் பொருந்தா. எனவே இலக்கணப் பிழைக்கு இடமில்லை. கருத்துப் பிழைக்கு மட்டுமே இடமுண்டு. கற்க வேண்டியது அதனைத் திருத்தத்தான் அல்லவா?

வேண்டுவன எவை?

சாதாரணமான கணினி ஒன்று போதும். இணையத் தொடர்பு இருந்தால் ஸ்கிராட்சின் தளத்திலேயே நேராக வேலை செய்யலாம். தொடர்பு இல்லாத ஊர்களில் அதற்கான செயலியை ஒருமுறை தரவிறக்கி நிறுவிக்கொண்டால், பின்னர் இணையமின்றியே நடத்தலாம். செய்த வேலையைக் கணினியிலேயே சேமித்து வைக்கலாம். கட்டணம் எதுவும் இல்லை. கணக்குத் தொடங்குவதும் கட்டாயமில்லை. செய்ததைத் தளத்தில் பிறர் காண வெளியிடுவதற்கே கணக்கு வேண்டும். அதனைப் பெற்றோர் உடனிருந்து தொடங்குவதும், பிள்ளையின் உண்மைப் பெயர், ஊர், பள்ளி ஆகியவற்றைப் பயனர் பெயரில் சேர்க்காதிருப்பதும் நன்று.

திரையைத் திறந்தால் இடப்புறம் கட்டைகளின் களஞ்சியம். நடுவே அவற்றைப் பொருத்தும் களம். வலப்புறம் ஒரு மேடை. மேடையின்மேல் ஒரு பூனை நிற்கும். அதுவே முதற் பாத்திரம். விரும்பினால் அதனை நீக்கி வேறு பாத்திரத்தை வரவழைக்கலாம்; நாமே வரைந்தும் கொள்ளலாம். கட்டைகள் தொழிலுக்குத் தக்கபடி நிறம் பெற்றுள்ளன: அசைவுக்கு நீலம், தோற்றத்துக்கு ஊதா, தொடக்க நிகழ்ச்சிகளுக்கு மஞ்சள், கட்டுப்பாட்டுக்குச் செம்மஞ்சள், கணக்குக்குப் பச்சை என்றவாறு. மேடையின் மேலுள்ள பச்சைக் கொடியை அழுத்தினால் நிரல் தொடங்கும். சிவப்புக் குறியை அழுத்தினால் நிற்கும்.

முதற்பாடம்

கட்டைகளின் பெயர்களைப் பொருள் விளங்கத் தமிழில் தருகிறோம். முதலில், 'பச்சைக் கொடி அழுத்தப்பட்டால்' என்னும் மஞ்சள் கட்டையைக் களத்திற்கு இழுத்து வைக்கவேண்டும். அதன்கீழ் '10 அடி நகர்' என்னும் நீலக் கட்டையைப் பொருத்தவேண்டும். கொடியை அழுத்தினால் பூனை சிறிதே நகரும். இங்கு ஓர் அடி என்பது மேடையில் ஒரு புள்ளியளவே. மேடையின் அகலம் 480 புள்ளி, உயரம் 360 புள்ளி, நடுப்புள்ளி சுழியம். வலப்பக்கம் 240 வரையும் இடப்பக்கம் கழித்தல் 240 வரையும் எண்கள் செல்லும். பள்ளியில் வரைபடத் தாளில் படித்த அச்சுகளே இங்கு உயிர்பெற்று நிற்கின்றன.

அடுத்தபடி, பூனை பேசட்டும். 'சொல்' என்னும் ஊதாக் கட்டையினுள் தமிழிலேயே 'வணக்கம்' என்று எழுதலாம். பேசிவிட்டு நடப்பதா, நடந்துவிட்டுப் பேசுவதா என்பது கட்டைகளின் வரிசையைப் பொறுத்தது. இதனைச் சிறுவர் தாமே மாற்றி மாற்றிக் காணவேண்டும். வரிசை மாறினால் விளைவு மாறும் என்பதே முதற்பாடத்தின் சாரம். விதைக்குமுன் உழவு, நெய்வதற்குமுன் பாவு என்பதை அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு இது விளங்கத் தாமதமாகாது.

கரை வரைதல்

இரண்டாம் நாளில் எழுதுகோலைக் கையிலெடுக்கலாம். இடப்புறம் அடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் கூடுதல் கட்டைகள் தோன்றும். அவற்றுள் 'எழுதுகோல்' என்பதைத் தேர்ந்துகொண்டால், பூனை செல்லும் வழியெல்லாம் கோடு விழுமாறு செய்யலாம். '100 அடி நகர்', '90 பாகை திரும்பு' ஆகிய இரண்டையும் 'நான்கு முறை திருப்பிச் செய்' என்னும் கட்டையின் வாய்க்குள் வைத்தால் ஒரு சதுரம் பிறக்கும். எட்டுக் கட்டைகளை அடுக்கிச் செய்யவேண்டிய வேலை மூன்றில் முடிந்தது.

இனி ஒரு முக்கோணம் வரையச் சொல்லுங்கள். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று படித்த மாணவன், 'மூன்று முறை, 60 பாகை திரும்பு' என்றே எழுதுவான். உருவம் மூடாது, பாதி அறுகோணம் போல் வாய் திறந்து நிற்கும். ஏன்? நடந்துகொண்டிருக்கும் பூனை திரும்பவேண்டியது உட்கோணத்தை அன்று, வெளிக்கோணத்தை. 180-இல் 60 போக 120 பாகை. இதனைப் பெரியவர் சொல்லிக் கொடுத்துவிடலாகாது. பிள்ளையைத் தரையில் நடக்கவிட்டு, மூலையில் எவ்வளவு திரும்புகிறாய் என்று கேட்டால் போதும். அவன் தானே கண்டுகொள்ளும் அக்கணத்தில், மனப்பாடம் செய்த ஒரு வாய்பாடு அவனுடைய சொந்த அறிவாக மாறிவிடுகிறது.

சதுரம் வந்துவிட்டால் சேலைக் கரைக்குத் தூரமில்லை. பக்கம் 40 அடியுள்ள சதுரம் ஒன்றை ஒரு புட்டாவாகக் கொள்வோம். இடையில் 20 அடி வெளி விடுவோம். ஆக, ஒரு புட்டாவுக்கு 60 அடி. மேடையின் அகலம் 480. எனவே எட்டுப் புட்டாக்கள் அடங்கும். கழித்தல் 230 என்னும் இடத்தில் தொடங்கினால், எட்டாவது சதுரம் 190-இல் தொடங்கி 230-இல் முடியும். இருபுறமும் 10 அடி ஓரம் சமமாக நிற்கும். 'சதுரம் வரை, எழுதுகோலைத் தூக்கு, 60 அடி நகர், எழுதுகோலை வை' என்பதை எட்டு முறை திருப்பிச் செய்யச் சொன்னால், மேடையில் ஒரு கரை ஓடும். நான்கு முறை செய்வது ஒன்று, அதனை எட்டு முறை செய்வது மற்றொன்று. செயலுக்குள் செயல் அடங்குகிறது. சதுரத்தை விட்டு வைரமும் கோபுரமும் வரைய முயல்வது பிள்ளையின் விருப்பம். இழை எண்ணிப் புட்டா அமைக்கும் தந்தையும் தாயும் இக்கணக்கில் அவனுக்கு ஆசான்களாக இருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

மடை திறக்கும் நிரல்

உழவர் வீட்டுப் பிள்ளைக்கு வேறோர் உதாரணம் தருவோம். ஸ்கிராட்சில் 'மாறி' என்று ஒன்று உண்டு. அது எண்ணை இட்டு வைக்கும் குதிர் எனலாம்; அதற்குத் தமிழிலேயே பெயரிடலாம். 'ஈரம்' என்று ஒரு மாறி அமைத்து, கொடி அழுத்தியவுடன் அதனை 100 ஆக்குக. பின்னர், 'எப்போதும் செய்' என்னும் கட்டையினுள், 'ஒரு வினாடி பொறு. ஈரத்தில் 5 குறை' என்று வைக்க. அவற்றின் கீழே, 'ஈரம் 30-க்குக் குறைவானால், மடையைத் திற என்று சொல். ஈரத்தை 100 ஆக்கு' என்று சேர்க்க. அவ்வளவே. வெயிலில் வயல் காய்வதும் மடை திறப்பதும் திரையில் மாறி மாறி நடைபெறும்.

இச்சிறு நிரலில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. 14-ஆம் வினாடியில் ஈரம் சரியாக 30 ஆகும். ஆயினும் மடை திறவாது. 15-ஆம் வினாடியில் 25 ஆனபின்னரே திறக்கும். 'குறைவு' என்பதற்கும் 'குறைவு அல்லது சமம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் காட்ட இயலாது. இரண்டாவது, 'ஆனால்' என்னும் கட்டையை 'எப்போதும்' என்பதன் உள்ளே வையாமல் அதற்கு முன்னே வைத்துவிட்டால், கணினி தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டுப் பின் ஒருபோதும் பாராது. காலையில் ஒருமுறை வயலைப் பார்த்துவிட்டு நாள் முழுதும் உறங்கும் காவற்காரனைப் போன்றது அது. ஈரத்தைப் பார்த்துத் தானே நீர் விடும் பாசனக் கருவிகளின் உள்ளே இருப்பதும் அடிப்படையில் இத்தகைய நிரலே. அதனை விலைக்கு வாங்குகின்ற நாளில், அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்த ஒருவர் நம் வீட்டிலேயே இருப்பது எத்துணை நன்மை!

பெரியோர் செய்யத் தக்கதும் தகாததும்

கற்பிப்பவர் கணினி வல்லுநராக இருக்கவேண்டும் என்பதில்லை. பொறுமையுள்ளவராக இருந்தால் போதும். பிள்ளை தவறுகையில் கணினிச் சுட்டியைப் பறித்துத் தாமே திருத்திவிடுவது பெரியோர்க்கு இயல்பான ஆசை. அதனை அடக்கவேண்டும். 'நீ என்ன சொன்னாய்? அது என்ன செய்தது?' என்னும் இரண்டு கேள்விகளே கேட்கத்தக்கவை. அறுந்த இழை எதுவென்று பாவில் ஒவ்வொன்றாகத் தேடுவது போல், பிழையான கட்டை எதுவென்று பிள்ளை மேலிருந்து கீழாகத் தேடட்டும்.

ஒரு கணினிக்கு இருவர் அமர்வது நலம். ஒருவர் கட்டை பொருத்த, மற்றவர் அடுத்தது என்ன என்று சொல்லட்டும். கால் மணிக்கு ஒருமுறை இடம் மாறட்டும். பெண் குழந்தைகள் பின்வரிசையில் நின்று வேடிக்கை பார்க்கும் நிலை ஏற்படாதபடி இம்முறையே காக்கும். ஒரு மணி நேரத்திற்குமேல் தொடர்ந்து திரைமுன் அமர்த்த வேண்டாம். முதலில் தாளில் வரைந்து, பிறகு கணினிக்கு வருவது கண்ணுக்கும் கருத்துக்கும் நல்லது.

பொதுவில் எடுத்தல், பொதுவுக்கு அளித்தல்

இக்கருவியில் கூட்டுறவாளர் உவக்கத்தக்க ஒரு பண்பு உண்டு. ஸ்கிராட்ச் தளத்தில் வெளியிடப்படும் ஒவ்வொரு வேலையின் உள்ளேயும் சென்று, அது எவ்வாறு அமைந்தது என்று எவரும் காணலாம். அதனை எடுத்து மாற்றித் தமதாக ஒன்று செய்யலாம். ஆனால் முதலில் செய்தவருக்கு உரிய மதிப்பைக் குறிப்பிடவேண்டும்; மாற்றியதையும் அதே உரிமையுடன் பிறர்க்கு அளிக்கவேண்டும். பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுப்பவர் பொதுக் களஞ்சியத்துக்கே திருப்பித் தருகிறார். நம் சங்கங்களின் உயிர்நிலையும் இதுவே அன்றோ? பிறர் உழைப்பை மறைத்துத் தமதென்று கூறாமையைச் சிறுவயதிலேயே பழகுவது ஒரு நல்லொழுக்கப் பாடமும் ஆகும்.

சில ஐயங்கள்

'இதனால் பிள்ளைக்கு உத்தியோகம் கிடைக்குமா?' என்று கேட்பவர்க்கு ஒளிவின்றிக் கூறுகிறோம்: ஸ்கிராட்ச் கற்ற மாத்திரத்தில் எவருக்கும் வேலை கிடைக்காது. இது அரிச்சுவடி போன்றது. அரிச்சுவடியைக் கொண்டு எவரும் சம்பளம் பெறுவதில்லை. அது இல்லாமல் மேலே படிப்பவரும் இல்லை. இதில் தேறிய மாணவர் பின்னர்ப் 'பைத்தான்' போன்ற எழுத்து மொழிகளுக்குச் செல்லலாம்.

'இன்று செயற்கை அறிவு யந்திரங்களே நிரல் எழுதித் தருகின்றனவே; பிள்ளை ஏன் வருந்தவேண்டும்?' என்பது மற்றோர் ஐயம். யந்திரம் எழுதித் தருவது உண்மை. ஆனால் வேண்டியது இன்னதென்று பகுத்துச் சொல்லவும், கிடைத்தது சரியா என்று சோதிக்கவும் மனிதர் வேண்டும். நெய்யத் தெரிந்தவரே நெசவின் குற்றத்தைக் காண்பார்.

'ஆங்கிலம் அறியாத பிள்ளைக்கு இது இயலுமா?' என்பாரும் உளர். ஸ்கிராட்ச் எழுபதுக்கு மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. ஆங்கிலக் கட்டைகளைக் கொண்டே தொடங்கினாலும், முதல் மாதத்தில் தேவைப்படுபவை இருபது சொற்களுக்கு மேற்படா. நிறமும் வடிவமும் துணைநிற்க, அவற்றை விளையாட்டாகவே கற்றுவிடலாம்.

சங்கம் செய்யக்கூடியது

தனிக் குடும்பத்தால் இயலாததைப் பலர் சேர்ந்து செய்வதற்கே சங்கம் ஏற்பட்டது. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் பலரும் சேர்ந்திருந்த ஒரு சிறு கூட்டம் கடை தொடங்கியபோது, அவர்கள் மாவும் வெண்ணெயும் விற்பதோடு அமையவில்லை. படிப்பகம் அமைத்தார்கள், பின்னர் உபரியில் நூற்றுக்கு 2½ பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கினார்கள். கல்வி இன்றும் உலகக் கூட்டுறவுக் கொள்கைகளுள் ஒன்றாகவே திகழ்கிறது.

நம் சங்கங்களும் இவ்வாறு செய்யலாம். சங்கக் கட்டடத்தில் ஓர் அறை. பழையதாயினும் பழுதற்ற இரண்டு கணினிகள். வாரத்தில் ஒருநாள் மாலை இரண்டு மணி நேரம். அங்கத்தினர் குடும்பங்களில் கல்லூரி சென்ற இளைஞரோ இளம்பெண்ணோ ஒருவர் முன்வந்தால் ஆசிரியர் குறையும் நீங்கும். ஆறு வாரத் திட்டம் போதுமானது: முதல் வாரம் வரிசை, இரண்டாம் வாரம் திருப்பிச் செய்தல், மூன்றாம் வாரம் கரை வரைதல், நான்காம் வாரம் 'ஆனால்' என்னும் நிபந்தனை, ஐந்தாம் வாரம் மாறி, ஆறாம் வாரம் ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்தக் கருத்தில் ஒன்று. இதற்கான செலவைக் கல்விக்கென ஒதுக்கும் தொகையில் சேர்ப்பது பற்றி நிர்வாகக் குழுவினர் பொதுக்குழுவில் வைத்து முடிவு செய்யலாம்.

நவம்பர் 14 முதல் 20 வரை ஆண்டுதோறும் கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். அதன் முதல் நாள் குழந்தைகள் நாளும் ஆகும். அன்று சங்க மண்டபத்தில், நம் சிறுவர் ஆக்கிய கரைகளும் கதைகளும் மடை நிரல்களும் திரையில் ஓட, பெற்றோர் அமர்ந்து கண்டால் எத்துணைப் பெருமிதம் தோன்றும்! அவர்களுள் சிலர் தறிக்கே திரும்பித் தாமே வரைந்த வேலைப்பாட்டை நெய்யலாம். சிலர் நிலத்துக்குத் திரும்பலாம். சிலர் வேறு தொழில் நாடலாம். எங்குச் சென்றாலும், எழுதிவைத்த கட்டளைக்கு இசைந்து நடப்பதோடு அமையாமல், அக்கட்டளையை வாசித்துப் பார்க்கவும், பிழையெனில் திருத்தவும், வேண்டுமெனில் புதிதாக எழுதவும் வல்லவராக அவர்கள் இருக்கவேண்டும். கருவி இலவசமாக நம்முன் இருக்கிறது. ஓர் அறையும் இரண்டு மணி நேரமும் ஒதுக்குவது சங்கங்களின் கையில் இருக்கிறது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளுக்கும் ஓரிடம் தருமாறு அங்கத்தினர்களையும் காரியதரிசிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.